சரிபார்க்காத செய்தியின் விலை: பழவேற்காட்டிலிருந்து ஒரு பார்வை

செய்தி உண்மையா என்று பாராமல் அடுத்தவருக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு என்பது, உயிர் போன பிறகு தெரியவந்த ஊர்களில் ஒன்று, ஏரிக்கரை மீனவர் ஊரான பழவேற்காடு. 2018 மே 9 அன்று அந்த ஏரிக்கரையில், ஊருக்குப் புதியவரான நடுத்தர வயது மனிதர் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம், இந்தி பேசிய ஒருவர் இதே சந்தேகத்தில் உயிரிழந்திருந்தார்.

பிள்ளை பிடிக்கிறவன் பற்றிய பயம் செல்போனோடு வந்ததல்ல. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்குப் பாட்டிமார் காலங்காலமாகச் சொல்லிவந்தது அது. ஆனால் பாட்டியின் பிள்ளை பிடிப்பவனுக்கு முகமோ மொழியோ ஊரோ தேதியோ கிடையாது. 2018இல் சுற்றிய குரல்பதிவுகளும் காணொளிகளும் இவை அனைத்தையும் கொடுத்தன. வடமாநிலத்தவர் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்று தமிழிலேயே பேசின. அந்த ஆண்டு இந்தியாவில் பரவிய ஒரு காணொளியில், தெருவில் விளையாடும் சிறுவனை மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப்படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். இறுதியிலுள்ள அந்தச் சில நொடிகளை யாரோ வெட்டியெறிந்தார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம் அப்படித்தான் ஆளைக் கொல்லும் வதந்தியாக மாறியது.

இத்தகைய செய்தியை ஊர் ஏன் நம்பியது? படிப்பறிவு இல்லாததால் என்று சொல்வது சோம்பேறித்தனமான பதில். செய்தித்தாளை நம்பாத ஒருவர் மைத்துனர் அனுப்பியதை நம்புகிறார் என்றால், அவர் நம்புவது செய்தியை அல்ல, மைத்துனரை. செய்தித்தாளை நம்பாததற்கும் கரையோர மக்களிடம் காரணம் உண்டு. ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி, இறால் வரத்துக் குறைந்து, தொழில் படுத்துக்கிடக்கும் மாதங்களில் எந்தக் கேமராவும் குப்பத்துப் பக்கம் வருவதில்லை. பூநாரை வந்தால் வருகிறது, படகு கவிழ்ந்தால் வருகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குறித்து எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வரக்கூடும் என்ற மத்திய உள்துறையின் எச்சரிக்கையைத் தொலைக்காட்சிகள் பரப்பின. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள், நிவாரணப் பணி நின்றது. அலை வரவில்லை. தேவையான நாளில் வாய் திறக்காமல், தேவையில்லாத நாளில் கூவிய செய்தியை மக்கள் எளிதில் மறப்பதில்லை.

சரிபார்க்காமல் அனுப்புவோர் தரப்பில் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது: “ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்?” பெற்ற பிள்ளையின் உயிர் என்றால் எந்தத் தாயும் பத்திரிகை ஆசிரியரைப் போல ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். இந்த நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதை அப்படியே ஏற்கவும் முடியாது. எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே வகையல்ல. நாளை காற்று பலமாக இருக்கும், தொழிலுக்குப் போகாதீர்கள் என்று வரும் செய்தி பொய்த்தால், நட்டம் அதைக் கேட்டவருக்கே: ஒரு நாள் மீன்பாடு. அந்த நட்டத்தைத் தாங்க அவர் தானே முடிவெடுக்கிறார். பிள்ளை பிடிப்பவன் வந்திருக்கிறான் என்ற செய்தி பொய்த்தாலோ, விலை கொடுப்பவர் அந்தச் செய்தி போன வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர். கைப்பேசியே இல்லாதவராகவும் இருக்கலாம். தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது, மறுக்க வாய்ப்பும் இல்லை. ஒரு செய்தி பொய்யானால் அதன் கேட்டை யார் சுமப்பார் என்று பார்த்தால், எங்கே சரிபார்ப்பது விருப்பம், எங்கே கடமை என்பது தெரிந்துவிடும். தன் நட்டத்துக்குத் தானே துணிவது ஒருவரின் உரிமையாக இருக்கலாம். அயலாரின் உயிரை வைத்துத் துணிய எவருக்கும் உரிமையில்லை.

இதே அளவுகோல் பத்திரிகைக்கும் பொருந்தும். பழவேற்காட்டுக் கொலைக்குப் பிறகு பல செய்திகள் ‘வாட்ஸ்அப் வதந்தியால் கொலை’ என்று ஒரே வரியில் காரணத்தை முடித்துவிட்டன. வாட்ஸ்அப் குழுக்கள் மூடிய அறைகள். அங்கே போகும் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்பட்டவை. எந்தச் செய்தி, எந்தக் குழுவில், கொலைக்கு முன்பா பின்பா வந்தது என்பதை வெளியிலிருக்கும் நிருபர், யாராவது கைப்பேசியைக் காட்டினாலொழிய, நேரில் பார்க்க முடியாது. பெரும்பாலும் காவல்துறை சொன்னதைத்தான் எழுத வேண்டியிருக்கும். அப்படியானால் ‘காவல்துறை கூறுகிறது’ என்று எழுதுவதுதான் நேர்மை. இறந்தவருக்கு முதல் நாள் செய்திகளில் பெயர்கூட இல்லை. மனநலம் பாதிக்கப்பட்டவராகத் தெரிகிறது என்று மட்டும் வந்தது. பெயரே தெரியாத ஒருவரின் மனநிலை எப்படித் தெரிந்தது என்று கேட்பது குதர்க்கமல்ல. ஒரு கூட்டத்தின் குற்றத்தை ஊர்முழுவதன் குணமாக எழுதும்போது, அந்த நேரத்தில் வலையோடு ஏரியில் இருந்தவரும் மீன் விற்கப் போயிருந்த பெண்ணும் சேர்த்தே கறைபடுகிறார்கள். கூட்டத்தின் முன் அந்த அயலார் இருந்த நிலையில்தான், செய்தித்தாளின் முன் அந்த ஊர் இருக்கிறது: தன்னைப் பற்றிப் பேசப்படும் இடத்தில் தனக்குக் குரல் இல்லை.

பெரிய பத்திரிகை நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, தொடர்பில்லாத காணொளிகளை வைத்து எழுந்த புரளியைச் சமூக ஊடகக் கணக்குகள் மட்டும் பரப்பவில்லை. வடநாட்டுப் பத்திரிகைகளும் செய்தியாக்கின. தமிழ்நாடு காவல்துறை மறுத்து வழக்குகள் பதிந்தது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் விசாரித்துத் திரும்பியது. அதற்குள் அஞ்சிய தொழிலாளர்கள் பலர் ரயில் ஏறியிருந்தார்கள்.

நீதிமன்றமும் வாட்ஸ்அப் நிறுவனமும் சில தடுப்புகளைக் கொண்டுவந்தன. கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று உத்தரவிட்டது. அதே மாதம் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. இவை வேகத்தைக் குறைக்கும், உண்மையைச் சொல்லாது. எது பொய் என்று அரசே முத்திரை குத்துவதும் தீர்வாகாது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளைத் தானே சரிபார்க்க அலகு அமைக்க வகைசெய்த விதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது சரியே. பத்திரிகைகளுக்கென்று இருக்கும் இந்தியப் பத்திரிகை மன்றத்தால் தவறிய பத்திரிகையைக் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்பிலேயே இல்லை.

சரிபார்க்கும் பழக்கத்தைப் பழவேற்காட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த முறையில் வலை கட்டுவது என்பதை வகுக்கும் ‘பாடு’ முறை அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. இன்று யாருடைய பாடு என்பதில் தகராறு வந்தால், அவர் சொன்னார் இவர் சொன்னார் என்பது செல்லாது; உரியவர்களை எதிரில் வைத்துப் பஞ்சாயத்தார் கேட்கிறார்கள். ஒரு நாள் இறாலுக்குக் காட்டும் இந்த நிதானத்தை ஊருக்குள் வந்த அயலாருக்கும் காட்டுவதென்றால், செய்ய வேண்டியவை மிகச் சில: அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது, பெயரும் ஊரும் கேட்பது, அவர் மொழி தெரிந்தவரை அழைப்பது, காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை எவர் கையும் அவர்மேல் படாமல் பார்த்துக்கொள்வது.