கூப்பிடுகிற பெயர்

திண்டுக்கல் பழக்கடையில் ‘ஒரு டஜன் சிறுமலை கொடுங்க’ என்றால் கடைக்காரர் மலையைப் பெயர்த்துத் தர மாட்டார். வாழைப்பழம்தான் தருவார். மலையின் பெயர் பழத்துக்கு ஆகிவந்துவிட்டது. யாருக்கும் வருத்தமில்லை.

‘ஸ்காட்ச்’ கதையும் பாதி இதேதான். விஸ்கியை அப்படிச் சொன்னால் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆளைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ‘ஸ்காட்டிஷ்’ என்று சொல்லுங்கள் என்பார்கள். இத்தனைக்கும் இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களே தங்களை ‘ஸ்காட்ச்’ என்று சொல்லிக்கொண்டவர்கள்தான்!

பேரில் என்னங்க இருக்கு என்கிறீர்களா? வடக்கே போனால் நம்மை மொத்தமாக ‘மதராசி’ என்கிறார்களே, அப்போது சுர்ரென்று வருகிறதா இல்லையா?

இலங்கைக்கு வாருங்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே தேயிலைத் தோட்டம் போட்டார். பின்னாலேயே வந்த துரைமார், பல தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டி அழகு பார்த்தார்கள். காடு வெட்டி, கொழுந்து பறித்தது நம் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘கூலி’, ‘தோட்டக்காட்டான்’. அரசாங்க ஏட்டில் ‘இந்தியத் தமிழர்’. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தாலும் பெயர் மட்டும் ‘நீ வெளியாள்’ என்றே சொன்னது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பாகப்பிரிவினை செய்தார்கள்.

இங்கே வந்து இறங்கியவர்களை நாம் எப்படிக் கூப்பிட்டோம்? ‘சிலோன்காரங்க.’ அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்!

அங்கேயே தங்கியவர்களில் பலர் இன்று தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட பெயர் ‘மலையகத் தமிழர்’. ‘இந்திய வம்சாவளி’ என்பதை விட மனமில்லாதவர்களும் உண்டு. பொருளாதார மேதை கால்பிரெய்த்கூட, கனடாவில் குடியேறிய தன் ஜனங்களைப் பற்றி 1964-ல் எழுதிய புத்தகத்துக்கு ‘தி ஸ்காட்ச்’ என்றுதான் தலைப்பு வைத்தார். அவர்களுக்கு அந்தப் பெயர் கசக்கவில்லை.

ஆக, எது சரியான பெயர் என்று அகராதியைப் புரட்டினால் மட்டும் போதாது. சுமக்கிறவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். அவன் நாளைக்கு வேறு பெயர் கேட்டால் அதுவும் அவன் உரிமை.

பழத்திடம் போய்க் கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாமே... ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’