கடன் வந்து சேர்ந்தது, புள்ளி வந்து சேரவில்லை

கடந்த ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்குத் தபாலில் ஒரு புதிய கடன்பற்று அட்டை வந்தது. நான் கேட்டு வாங்கியது இல்லை. அலோர்ஸ்டாரில் நாங்கள் மாதச் சாமான் வாங்கும் பேரங்காடியின் பெயரில் நான்கு ஆண்டுகளாக ஓர் அட்டை வைத்திருந்தேன். முகப்பில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். கடன் கொடுக்கும் வங்கியின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும். இப்போது கடை வங்கியை மாற்றிக்கொண்டுவிட்டது. பழைய அட்டையை வெட்டிப் போடுங்கள், புதியதைப் பயன்படுத்துங்கள், உங்களுக்கு எந்தச் சிரமமும் இருக்காது என்றது கூட வந்த கடிதம்.

ஒரு விதத்தில் அது உண்மைதான். பழைய அட்டையில் எனக்கு இருந்த பாக்கி 1,863 வெள்ளி 40 சென். புதிய அட்டையின் முதல் கணக்கறிக்கையிலும் அதே 1,863 வெள்ளி 40 சென். ஒரு சென் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பழைய அட்டையில் நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த 41,200 புள்ளிகள் புதிய அட்டையில் பூஜ்யமாக இருந்தன.

அந்தப் புள்ளிகளின் மதிப்பு 206 வெள்ளி. அம்மாவின் பழைய சலவை இயந்திரத்தை மாற்றும்போது விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். புதிய வங்கிக்குப் போன் செய்தேன். புள்ளி கடையின் விஷயம் என்றார்கள். கடையில் கேட்டேன். பழைய வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். பழைய வங்கியில் கேட்டேன். "உங்கள் கணக்கு மூடப்பட்டுவிட்டது சார். புள்ளியை மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி போய்விட்டது. மின்னஞ்சலில் தெரிவித்திருக்கிறோம்." அந்த மின்னஞ்சல் என் பல்கலைக்கழக முகவரிக்குப் போயிருக்கிறது. பட்டம் வாங்கிய மறு ஆண்டே மூடிவிட்ட முகவரி அது. மாற்றிக் கொடுக்காதது என் தவறுதான். ஆனால் பாக்கி அறிக்கை மட்டும் மாதம் தவறாமல் பெண்டாங் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்து வந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்து 50 வெள்ளிக்கு ஒரு பற்றுச்சீட்டு வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதியிருந்தார்கள்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடனுக்கு மட்டும் வழி தெரிஞ்சி வந்துருச்சி. புள்ளிக்கு வழி தெரியல போல."

சிரித்துவிட்டேன். ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். ஒரு கை இன்னொரு கைக்கு மாறும்போது, நாம் கொடுக்க வேண்டியது முழுதாகப் போய்ச் சேர்கிறது. நமக்கு வர வேண்டியது ஏன் வழியில் தொலைகிறது?

என் கதை சின்னது. இது உலகம் முழுக்க நடக்கிறது. அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற மொத்தவிலைப் பேரங்காடி 16 ஆண்டுகள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸோடு இருந்துவிட்டு, 2016 ஜூன் 20-இல் சிட்டி வங்கியின் விசா அட்டைக்கு மாறியது. அந்த வாரம் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களின் புலம்பல் அங்கே பத்திரிகைச் செய்தியானது. பிறகு அதே சிட்டி, 2021 ஏப்ரலில், 13 நாடுகளில் தனிநபர் வங்கிச் சேவையை விட்டு விலகுவதாக அறிவித்தது. மலேசியாவில் அதன் அட்டைகள் 2022 நவம்பர் 1 முதல் யுஓபி வசம் போயின. இந்தியாவில் 2023 மார்ச் 1 முதல் ஆக்சிஸ் வங்கிக்குப் போயின. இந்தியன் ஆயில் பெட்ரோல் நிலையப் பெயர் போட்ட சிட்டி அட்டையை வைத்துக்கொண்டு சென்னையில் பெட்ரோல் போட்டவரும் அந்தக் கைமாற்றத்தில் ஓர் எண்தான். இவர்களில் யாரும் வங்கியை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரே இடத்தில் நின்றவர்களைச் சுற்றிக் கடை மாறியது.

தாத்தா இருந்தால் இதில் புதிது ஒன்றுமில்லை என்பார். பால்மரம் சீவிய அவருக்குக் கடன்பற்று அட்டை என்பது 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டுதான். மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். தோட்டத்துக் கடையில் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கழியும். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பலரைப் போல அந்தக் கடைக்காரரும் கடையை இன்னொருவருக்கு விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார். நோட்டுகளைக் கட்டாகக் கட்டிப் புதியவரிடம் கொடுத்தார். தாத்தாவின் கடன் மறுநாளே புதியவரின் கடனாகிவிட்டது.

நோட்டில் இல்லாதவை சில இருந்தன. மழைக்காலத்தில் மரம் சீவ முடியாது, சம்பளம் விழாது. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். அப்போதெல்லாம் பழைய கடைக்காரர் பாக்கியைக் கேட்க மாட்டார். வருசம் முழுக்க வேறு கடைக்குப் போகாத குடும்பத்துக்குத் தீபாவளிக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெய் கொடுப்பார். அந்தத் தீபாவளிக்குப் பாட்டி போய் நின்றபோது புதியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அதெல்லாம் இதுல எழுதலையே."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் விலை கொடுத்து வாங்கியது நோட்டை. நல்லெண்ணெய் நோட்டில் இல்லை. பழைய கடைக்காரர் கொடுத்ததை அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டால், வேறொருவரிடம் போய் அதைக் கேட்க முடியாது. அன்பு கைமாறாது. எனவே என் 41,200 புள்ளிகளும் அன்பளிப்புதான் என்றால் எனக்குப் புகார் சொல்ல இடமில்லை. 50 வெள்ளிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் அது அன்பளிப்பா? வள்ளுவர் செய்ந்நன்றி அறிதல் என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அங்கே பேசப்படும் உதவியை யாரும் அளந்து கொடுப்பதில்லை. என் புள்ளியோ ஒரு வெள்ளிக்கு இத்தனை என்று அளந்து கொடுக்கப்பட்டது. பக்கத்துக் கடையில் வாங்காமல் இங்கே வாங்கினால் இவ்வளவு, வெள்ளிக்கிழமை வாங்கினால் இரட்டிப்பு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. நான் அதை நம்பி, பெண்டாங்கில் கிடைக்கும் சாமானுக்கும் அலோர்ஸ்டார் வரை கார் ஓட்டியிருக்கிறேன். ஒரு செயலைச் செய்தால் இன்னது தருவேன் என்று சொல்லி, அந்தச் செயலும் முடிந்துவிட்டால், அதற்குப் பெயர் கூலி.

கணக்காளர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கணக்கியல் படித்த நண்பன் ஒருவன் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. மலேசியாவில் 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் எம்எஃப்ஆர்எஸ் 15 என்ற கணக்கியல் தரத்தின்படி, நிறுவனம் பொருளை விற்றுப் புள்ளியும் கொடுத்தால், வாங்கிய பணம் முழுவதையும் அன்றே வருமானமாகக் காட்ட முடியாது. புள்ளிக்கான பங்கைத் தனியாகப் பிரித்து, வாடிக்கையாளருக்கு இன்னும் செய்ய வேண்டிய கடப்பாடாக எழுதி வைக்க வேண்டும். புள்ளியைப் பயன்படுத்தும்போதோ அது காலாவதியாகும்போதோதான் அது வருமானமாக மாறும். எத்தனை பேர் புள்ளியைக் கேட்காமலே விட்டுவிடுவார்கள் என்பதற்கும் ஒரு மதிப்பீடு உண்டு. நம் மறதிக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆக, ஒரே புள்ளி தணிக்கையாளரிடம் கடன் என்று காட்டப்படுகிறது. என்னிடம் நல்லெண்ணம் என்று சொல்லப்படுகிறது.

சட்டத்தில் ஒரு பழைய வேறுபாடு இருக்கிறது. எனக்கு வர வேண்டிய கடனை நான் இன்னொருவருக்கு விற்கலாம், கடனாளியின் சம்மதம் தேவையில்லை. தெரியப்படுத்தினால் போதும். ஆனால் நான் செய்ய வேண்டிய கடமையை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டுமென்றால், யாருக்குச் செய்ய வேண்டுமோ அவர் சம்மதிக்க வேண்டும். இது நியாயமான விதிதான். பணம் யாரிடம் கட்டினாலும் பணம்தான். வாக்கு அப்படியில்லை, கொடுத்தவரைப் பார்த்துத்தான் நாம் நம்புகிறோம்.

அப்படியானால் என் சம்மதத்தை எப்போது வாங்கினார்கள்? அந்த மின்னஞ்சலில். இன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்ததாம். இதே பேசாமல் இருப்பதை நான் பாக்கி விஷயத்தில் செய்து பார்த்திருந்தால்? தாமதக் கட்டணம் ஏறியிருக்கும், ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஓடியிருக்கும். என் மௌனம் அவர்களுக்குச் சாதகமானால் சம்மதம். எனக்குச் சாதகமானால் தவணை தவறியது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்குத் தரவுகளை மாற்றும் வேலையில் இருந்திருக்கிறேன். அதில் ஒன்று கற்றுக்கொண்டேன். எதெல்லாம் தொலைந்தால் முதலாளி கத்துவார் என்று தெரியுமோ அதையெல்லாம் மூன்று முறை சரிபார்ப்போம். மற்றதை, யாராவது வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவோம். என் பாக்கி ஒரு சென் பிசகாமல் வந்ததும் புள்ளி வராததும் தொழில்நுட்பக் கோளாறு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அது சரிபார்ப்புப் பட்டியல். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். நானும் அப்படி முடிவு செய்த ஆள்தான்.

இங்கே எனக்கு எதிராக ஒன்று சொல்லியாக வேண்டும். புள்ளிக்கான காசு வானத்திலிருந்து விழுவதில்லை. அட்டை தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடை ஒரு கட்டணம் கட்டுகிறது, அது பொருளின் விலையில் ஏறுகிறது. அந்த விலையை ரொக்கம் கொடுப்பவரும்தான் கட்டுகிறார். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2010-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரொக்கத்தில் வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது. மலேசியாவில் கடன்பற்று அட்டை வாங்கவே ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி வேண்டும். வரிசையில் எனக்குப் பின்னால் பத்து வெள்ளி நோட்டை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு அட்டை கிடையாது. அப்பாவுக்கும் கிடையாது. என் 206 வெள்ளியில் அவர்கள் காசும் இருக்கிறது.

இதை யோசித்தபோது என் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. தொலைந்த புள்ளி அந்த அக்காவிடம் திரும்பிப் போகவில்லையே! எனக்கு அதில் முழு உரிமை இல்லை என்பதால், எடுத்துக்கொண்டவருக்கு உரிமை வந்துவிடாது.

அப்பா வேலை செய்த தோட்டமும் ஒருமுறை கைமாறியது. பலகையில் பெயர் மாறியது, மரம் மாறவில்லை. ஆனால் அவருடைய சர்வீஸ் தொலையவில்லை. 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த இழப்பீட்டு விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. தொழில் கைமாறினால், புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள், முன்பு இருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். தந்தால் பழைய ஆண்டுகளும் தொடர்ச்சியாகச் சேர்த்துக் கணக்கிடப்படும். தராவிட்டால் பழைய முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம்.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஆண்டுகளோடு சேர்த்து வெளியே தள்ளப்பட்டன. அதற்குப் பதிலாகத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அப்படி வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். கைமாறும்போது நம்முடையது தொலையாமல் இருக்க, விற்கப்படுவதில் நமக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

ஒருவர் உழைத்த ஆண்டுகளையும் ஒருவர் சேர்த்த புள்ளிகளையும் நான் சமமாக வைக்கவில்லை. அப்படி வைத்தால் தாத்தாவை அவமானப்படுத்தியதாகும். நான் கேட்பது அந்த விதியின் தர்க்கத்தை மட்டும். நாளைக்கு எவ்வளவு புள்ளி தருவது என்பதைப் புதியவர் மாற்றிக்கொள்ளட்டும். நேற்று சேர்ந்ததை மாற்ற முடியாது. என் பாக்கி எந்தக் கோப்பில் போகிறதோ அதே கோப்பில் என் இருப்பும் போக வேண்டும். ஒன்றைச் சுமக்கத் தெரிந்த கைக்கு இன்னொன்றையும் சுமக்கத் தெரியும்.

இதையெல்லாம் சுருக்கி, மீதி 156 வெள்ளியைக் கேட்டுக் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்லெண்ணம் வேண்டாம், கணக்கு வேண்டும் என்று முடித்தேன். இன்னும் பதில் இல்லை. 50 வெள்ளிச் சீட்டுக்கு எண்ணெயும் அரிசியும் வாங்கினோம். அம்மா இன்னும் பழைய இயந்திரத்தில்தான் துவைக்கிறார். பாக்கி 1,863 வெள்ளி 40 சென்னை அடுத்த போனஸில் மொத்தமாகக் கட்டி முடித்தேன்.

அன்று சாயந்திரம் அப்பா கேட்டார். "புது அட்டையிலயும் புள்ளி சேருதா?"

"சேருது ப்பா."

"அப்ப சேர சேரச் செலவு பண்ணிடு. கடனத்தான் வைக்காத."