பதவி போனால் எது போயிற்று?

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் நாட்டில் ஒரு சொல் வழங்கி வருகிறது. உழைத்து உண்ண ஊக்குவிக்கும் சொல்தான். ஆயினும் உத்தியோகமே ஒருவனின் அடையாளமாகிவிட்டால், அது பறிபோன மறுநாள் அவன் யார் என்ற வினா எழுகிறது. அதிலும் அரசாங்க உத்தியோகத்தை நம்மவர் அசையாச் சொத்தாகவே எண்ணிவிடுகின்றனர். அதுவும் அசையும் என்பதைத் தமிழகம் 2003 ஜூலையில் கண்டது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற பின் பெரும்பாலோர் திரும்பச் சேர்க்கப்பட்டனர். ஆனால், ஓர் ஆணையில் குடும்பத்தின் நிலையே மாறக்கூடும் என்ற பாடம் எஞ்சி நின்றது.

பதவி போகும்போது உண்மையில் எது போகிறது? பதவி ஓர் அமானிதம். பிறர் தந்தது, பிறர் திரும்பப் பெறக்கூடியது. கற்ற கல்வியும் கைத்திறனும் நேர்மையும் எந்த ஆணையாலும் வந்தவையல்ல. ஆகவே எந்த ஆணையாலும் போவதில்லை. ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்னரும் துணிகளைச் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். தோழர்கள் தடுத்து, உதவித்தொகை நிர்ணயித்தார்கள். ஆட்சிப் பொறுப்பு வருமுன்பே அவர்களுக்கு ஒரு தொழில் இருந்தது.

1332-இல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன், வட ஆப்பிரிக்க அரசவைகளில் உயர்பதவிகள் வகித்தார். அரசர் மாறுந்தோறும் அவர் நிலையும் மாறியது. ஃபெஸ் நகரில் சிறையும் கண்டார். 1375-இல் அரசியலை விட்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கினார். அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் வீழ்கின்றன என ஆராயும் 'முகத்திமா'வை 1377-இல் அங்கேதான் எழுதினார். அரசவைகளில் பட்ட அனுபவமே அந்நூலுக்கு மூலதனமாயிற்று. பின்னர் கெய்ரோவில் 1384-இல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியானார். அடுத்த ஆண்டே நீக்கப்பட்டார். 1406-இல் மறையும் வரை அப்பதவிக்கு ஆறு முறை நியமிக்கப்பட்டார். பதவியற்ற காலத்தில் பாடம் நடத்தினார், நூல்களைத் திருத்தினார்.

"அவர் மேதை, எங்கள் வீட்டில் நாளை அடுப்பெரிய வேண்டுமே" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. முதற்கண், வீட்டாரிடம் மறைக்கலாகாது. கையிருப்பு எத்தனை மாதத்திற்குப் போதும் என்று மனைவி மக்களோடு அமர்ந்து கணக்கிட வேண்டும். பழைய தோரணையைக் காப்பாற்ற வட்டிக்கு வாங்குவது, ஒரு துன்பத்தோடு இன்னொன்றை விலைக்கு வாங்குவதாகும். அநீதியாக நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யட்டும். உரிமை கேட்பது பொறுமைக்கு மாறானதன்று. ஆனால் வழக்கு முடியட்டும் என்று கைகட்டிக் காத்திருந்தால் ஆண்டுகள் கழிந்துவிடும். தம் தவற்றால் பதவி இழந்தவரோ, பிறருக்குரியதைத் திருப்பித் தந்து தவ்பா செய்வதையே முதற்படியாகக் கொள்ளட்டும்.

அடுத்து, அலுவலகம் தமக்குக் கற்றுத் தந்ததென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவரை வணிகர் வேண்டுவர். விண்ணப்பமும் சட்டவிதியும் அறிந்தவரை ஊரார் நாடுவர். பாடம் சொல்லத் தெரிந்தவருக்கு மாணவர் கிடைப்பர். வருவாய் குறையலாம்; ஹலாலான உழைப்பில் இழிவில்லை. முயற்சியை முழுமையாகச் செய்து, முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். முயலாமல் இருப்பதற்கு அப்பெயரைச் சூட்டலாகாது.

இப்னு கல்தூன் அக்கோட்டையில் தனித்து நின்று எழுதவில்லை. அவ்லாத் ஆரிஃப் குலத்தார் அடைக்கலம் தந்து, ஏறத்தாழ நான்காண்டுகள் அவர் குடும்பத்தைக் காத்தனர். பதவியில் இருந்தபோது ஒருவருக்கு எழுந்து நின்று ஸலாம் சொன்னவர்கள், பதவி போன பின் முகம் திருப்பிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். வேலையிழந்தவர் தம் அடுத்த அடியை எண்ணி எடுத்து வைக்கட்டும். அது வரை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "என்ன வேண்டும்?" என்று கேட்பது நம் கடமை.