சிமென்ட் வைப்பதா, விடுவதா?

முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால், பெரும்பாலும் உடைந்த தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். பந்தைத் தாங்கும் தண்டு எலும்பின் உட்குழாயில் அசையாமல் நிற்க வேண்டும். எலும்பு சிமென்ட் எனப்படும் அக்ரிலிக் கலவையை நிரப்பி நிறுத்தலாம். சிமென்ட் இல்லாமல் இறுக்கமாக அடித்துச் செருகியும் நிறுத்தலாம். இரண்டில் எதைத் தேர்வது என்பது அறுவை மருத்துவரின் கைப்பழக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் எந்த ஆபத்தை யார் சுமப்பது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

எலும்பு மெலிந்த தொடையில் தண்டை அடித்து இறக்கும்போதே விரிசல் விழலாம். அப்போது தப்பினாலும், பிறகு ஒரு சிறு தடுமாற்றத்தில் தண்டைச் சுற்றிய எலும்பு பிளக்கலாம். பிரிட்டனில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 1,225 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஒப்பாய்வில், சிமென்ட் வைத்தவர்களில் 0.5 சதவீதத்தினருக்கும் வைக்காதவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் அத்தகைய முறிவு ஏற்பட்டது. அங்கே சிமென்ட் இல்லாமல் பொருத்தியவை ஆஸ்டின் மூர் எனப்படும் பழைய வகைத் தண்டுகள் அல்ல, நவீனத் தண்டுகள். ஓராண்டுக்குள் இறந்தோர் முறையே 23.9, 27.8 சதவீதம், தற்செயலாகவும் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடும் என்பதால் இதன்மேல் வாதத்தைக் கட்டக் கூடாது. முறிவுக் கணக்கே போதும். இரண்டாவது முறிவென்றால் இன்னொரு மயக்க மருந்து, முன்னதைவிடப் பெரிய அறுவை, மீண்டும் படுக்கை.

அப்படியிருந்தும் சிமென்ட்டைத் தவிர்ப்பது ஏன்? அதை அழுத்தி நிரப்பும்போது மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடையலாம். இரத்த அழுத்தம் சரியும், அரிதாக இதயமே நின்றுவிடும். இந்த அச்சம் பொய்யல்ல. ஆஸ்திரேலிய மூட்டுமாற்றுப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, முதல் நாளில் சிமென்ட் வைத்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அறச் சிக்கல் இங்கேதான். அறுவை மேசையில் இறந்தால் அது டாக்டர் செய்தது. மூன்று மாதம் கழித்துக் குளியலறையில் எலும்பு பிளந்தால் அது பாட்டியின் தலையெழுத்து. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மருத்துவர் எடுத்த முடிவு. தன் கண்முன் நேரும் கேட்டைத் தவிர்ப்பதற்காக, கண்ணுக்கு எட்டாத கேட்டின் வாய்ப்பை நோயாளியின்மேல் ஏற்றுவது எச்சரிக்கை ஆகாது.

சராசரியைப் பார்த்து மருத்துவம் செய்ய முடியாது என்பார்கள். உண்மைதான், இதயமும் நுரையீரலும் மிகவும் நலிந்தவருக்குச் சிமென்ட் வேண்டாமென முடிவெடுப்பது நியாயமே. ஆனால் அது அந்த நோயாளியைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அந்த அறுவை அரங்கின் வழக்கமாக அல்ல. மயக்க மருத்துவருக்கு முன்கூட்டிச் சொல்வது, எலும்புக் குழாயை நன்கு கழுவி உலர்த்துவது, இரத்த அழுத்தத்தை விடாமல் கவனிப்பது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும் வழிகள். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2011லேயே சிமென்ட்டைப் பரிந்துரைத்தது. செலவு என்னும் ஆட்சேபம் இன்னும் கனமானது. நம் நாட்டில் சிமென்ட் இல்லாத ஆஸ்டின் மூர் தண்டு நிலைத்ததற்கு விலையும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சிக்கனம் முதல் அறுவையின் பில்லில் மட்டும்தான் தெரியும். எலும்பு மீண்டும் பிளந்தால் இரண்டாவது பில்லைக் கட்டப்போவது அதே ஏழைக் குடும்பம்.

ஆகவே சிமென்ட் வேண்டாமென்று தீர்மானிக்கும் மருத்துவர் அதற்கான காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கையெழுத்துப் போடும் மகனிடம் மட்டுமல்ல, நினைவு தெளிவாக இருக்கும் முதியவரிடமும் இரு ஆபத்துகளையும் சொல்ல வேண்டும்.