முத்துக்கு இல்லாத தீட்டு

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மொத்தமாகச் சிப்பி வாங்கியவர்கள் அதை ஒவ்வொன்றாகப் பிளந்துகொண்டிருக்கவில்லை. குவித்து வைத்து ஒரு வாரம், பத்து நாள் அழுகவிட்டார்கள். ஈ மொய்த்துப் புழு வைக்கும். பாக்டீரியாக்கள் சதையைக் கரைக்கும். பிறகு தொட்டியில் கடல்நீர் ஊற்றிக் கையால் பிசைந்து அலசி, ஓட்டை அகற்றி, அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துத் துழாவினால் முத்து கிடைக்கும். காற்று வீசும் திசையெல்லாம் நாற்றம் போகும். அப்படி வந்த முத்தைத் தீட்டு என்று விலக்கிய கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இறைவனுக்குக் கொடுத்த நகைகளின் முத்துகளை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி என்று வகை பிரித்தே கணக்கு வைத்திருக்கின்றன. அழுகிய சதையிலிருந்து எடுத்தது திருமேனியில் ஏறலாம் என்றால், தூய்மையும் தீட்டும் பொருளிலேயே ஒட்டியிருப்பவை என்று எப்படிச் சொல்வது? படைப்பில் வீண் என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை இங்கிருந்துதான் கேட்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் இதற்கு நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றாது. காரியம் காரணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது மெய்கண்டார் வழி வந்தவர்களின் கொள்கை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். ஸ்பெயினில் விகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்ததை இந்த மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். திராட்சைத் தோட்டங்களில் கவாத்து செய்து எறியும் கொடிகளை நீர்த்த அமிலத்தில் வேகவைத்தால் நாரின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைகிறது. லாக்டோபேசில்லஸ் பென்டோசஸ் என்ற பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் தருகிறது. ஒயின் தயாரித்தபின் பீப்பாயில் தங்கும் அடிமண்டியே அந்தப் பாக்டீரியாவுக்கு ஊட்டமாகிறது. உணவைக் கெடாமல் காப்பது முதல் மட்கும் பிளாஸ்டிக் வரை அந்த அமிலத்துக்கு வேலை உண்டு. கொடி நேற்றும் அதே கொடிதான். எரித்தபோது புகையாகப் போனது. குறைந்திருந்தது செய்பவன் என்ற நிமித்தகாரணமே. அழுகல் எதுவாக முடியும் என்பதைச் செய்பவனின் கவனம் தீர்மானிக்கிறது. உடன்குடிப் பனங்காட்டில் இதற்குச் சான்று பருவந்தோறும் இறங்குகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், அது அடுப்பேறினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் கள். மேலும் சில நாள் கிடந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியா அதைக் காடியாக்கிவிடும். பாளையிலிருந்து வடிந்தது ஒரே சாறு.

சமயங்களே கெட்டுப்போனதை விலக்குகின்றனவே என்று கேட்கலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, திருப்பலிக்கான திராட்சை ரசம் இயற்கையானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. உண்மைதான். ஆனால் அந்த ரசமே நொதித்து உண்டானது; விதி நொதித்தலை மறுக்கவில்லை, எந்தக் கட்டம் பீடத்துக்கு உரியது என்று எல்லை போடுகிறது. பீடத்துக்கு ஆகாத காடி சமையலறைக்கு ஆகும்.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. எதுவும் வீண் இல்லை என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று ஆகாதா? ஆகும், அந்த ஆபத்தை இந்தக் கடற்கரை அறியும். ஆயிரமாயிரம் சிப்பிகளில் பெரும்பாலானவற்றில் விலைபெறும் முத்து இருந்ததில்லை, அவ்வளவும் செத்தன. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டியது. எஞ்சியதை மதிப்பது வேறு, எஞ்சுவதற்காகவே பெருக்குவது வேறு. இரண்டாவதற்கு எந்தத் தத்துவமும் துணை நிற்காது. மண்ணின் பங்கும் அப்படித்தான். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களில் தார் வெட்டியபின் நிற்கும் வாழைத்தண்டு முழுவதையும் கழிவிலிருந்து ரசாயனம் எடுக்கும் ஆலைக்கு ஏற்றினால், தாமிரபரணி ஊட்டிய மண்ணுக்கு என்ன திரும்பும்? எரிப்பதையும் வாய்க்காலில் தள்ளுவதையும் ஆலை முதலில் எடுக்கட்டும். நொதித்தபின் மிஞ்சும் சக்கை வயலுக்கே வரட்டும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே முதன்மையானது. முத்துக்குத் தீட்டு இல்லை என்ற சமூகம், அழுகலைத் தொட்ட மனிதர்களுக்கு மட்டும் தீட்டு கற்பித்தது. இன்றும் குப்பை பிரிப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம். பொருளில் இல்லாத தீட்டு அதைத் தொட்ட கையில் எப்படி வந்து ஒட்டும்? கழிவிலிருந்து ரசாயனம் எடுக்கும் ஆலைக்குத் திட்ட அறிக்கை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழிவை அள்ளி, பிரித்து, சுமந்து வருபவர்களின் கூலி, கையுறை, மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கான கணக்கை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.