பஜ்ஜிக்குள் குலாப் ஜாமூன்

குலாப் ஜாமூனைக் கடலை மாவுக் கரைசலில் முக்கிக் காயும் எண்ணெயில் போடும் வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது வராவிட்டால் ஃபேன்டா ஊற்றி வேகவைத்த மேகி வந்திருக்கும், ஓரியோ பகோடா வந்திருக்கும், ஐஸ்க்ரீம் தடவி மசாலாவோடு சுருட்டிய தோசை வந்திருக்கும். பார்த்தவர்கள் பேசுவதைக் கவனியுங்கள். "இது நல்லா இருக்காது" என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை. "பாவம்டா", "இவனுக்கெல்லாம் நரகம்தான்", "மேகிக்கு நீதி வேணும்" என்கிறார்கள். விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் ருசியைப் பற்றிய பேச்சில் பாவமும் நீதியும் எப்படி வந்து உட்கார்ந்தன? சட்டைக்குப் பொருந்தாத பேன்ட் போட்டவனை யாரும் நரகத்துக்கு அனுப்புவதில்லையே.

ருசி ஆளுக்கு ஆள் மாறும், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று முடித்துவிடலாம். டேவிட் ஹியூம் 1757-ல் ருசியின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரை அந்தச் சமாதானத்தை ஏற்காமல்தான் வளர்கிறது. எனக்கும் அது போதவில்லை. ஏனென்றால் ஃபேன்டா மேகியைப் பார்க்கும்போது எனக்குள் எழுவது வெறும் 'பிடிக்கவில்லை' அல்ல. இதைச் செய்திருக்கக்கூடாது என்ற ஒன்று. அந்த 'கூடாது'க்கு ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

முதலில் அரசாங்கத்தைக் கேட்போம். கேள்வி பதிவேட்டிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் 11 அன்று கோவையில் நடந்த கூட்டத்தில் அன்னபூர்ணா உணவகத்தின் சீனிவாசன் நிதியமைச்சரிடம் தன் சிரமத்தைச் சொன்னார். இனிப்புக்கு 5 சதவீதம், காரத்துக்கு 12. பன்னுக்கு வரியே இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18. பன்னைத் தனியாகவும் க்ரீமைத் தனியாகவும் கொடுங்கள், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். அரங்கமே சிரித்தது. அதன் பிறகு நடந்த மன்னிப்பு, அரசியல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதே டிசம்பர் 21-ல் ஜெய்சால்மரில் கூடிய 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் இதே கேள்வியைப் பாப்கார்னில் எதிர்கொண்டது. உப்பும் மசாலாவும் கலந்த பாப்கார்ன் கார வகை: சில்லறையாக விற்றால் 5, பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12. சர்க்கரை கலந்து கேரமல் ஆனதும் அது மிட்டாய், 18. சர்க்கரை சேரும்போது பொருளின் குணமே மாறிவிடுகிறது என்பது விளக்கம். மறு வருடம் வரி அடுக்குகள் மாற்றப்பட்டன. அது ஒரு பக்கம்.

நான் சிரித்தேன், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. என் வேலை மென்பொருள். ஒரு பொருள் எந்த வகை என்று கேட்டு, அதற்கேற்ப கணக்கை வேறு பாதையில் திருப்புவதுதான் பாதி நாள் நான் எழுதுவது. வகை பிரிக்கும் எவனுக்கும் கலவை எதிரி. கேரமல் பாப்கார்ன் எந்தப் பெட்டியிலும் சரியாக உட்காராது. உட்காராததை ஏதாவது ஒரு பெட்டியில் திணித்துத்தான் ஆகவேண்டும். வரி அதிகாரி அதிகாரப்பூர்வமாகச் செய்வதை நாம் முகச்சுளிப்பால் செய்கிறோம். மேரி டக்ளஸ் 1966-ல் எழுதிய 'தூய்மையும் ஆபத்தும்' புத்தகத்தின் மையக் கருத்து இதுதான்: அழுக்கு என்று தனியாக ஒன்று கிடையாது, இடம் மாறி இருப்பதைத்தான் அழுக்கு என்கிறோம். குழம்பு தட்டில் இருந்தால் குழம்பு, சட்டையில் இருந்தால் கறை.

தமிழரின் பெட்டிகள் எவை? 'ஸ்வீட், காரம், காபி.' பெண் பார்க்கப் போனால் சொஜ்ஜி, பஜ்ஜி. இனிப்பும் காரமும் நமக்குப் பகையே இல்லை, இணைபிரியாத ஜோடி. ஆனால் ஒரு எழுதாத சட்டம் உண்டு. பக்கத்தில் வைக்கலாம், உள்ளே வைக்கக்கூடாது. ஒரே தட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் இருந்தால் மரியாதை. பஜ்ஜிக்குள் சொஜ்ஜி இருந்தால் நரகம்.

இப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருந்தால் செட்டிநாட்டுக்காரர்கள் மொத்தப் பேரையும் அதன்படி தண்டிக்க வேண்டியிருக்கும். என் அம்மாவுக்கு ஊர் அரியக்குடி, காரைக்குடிக்குப் பக்கத்திலேயே. அங்கே விசேஷ நாட்களில் சீயம் போடுவார்கள். பருப்பை வேகவைத்துத் தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, அரிசி உளுந்து மாவில் முக்கி எண்ணெயில் பொரிப்பது. மற்ற ஊர்களில் சுழியன், சுகியன் என்பார்கள். இதன் கட்டமைப்பை மட்டும் பாருங்கள்: தித்திக்கும் உருண்டை, மேலே தித்திப்பில்லாத மாவு, அப்புறம் எண்ணெய். குலாப் ஜாமூன் பஜ்ஜியும் இதேதான். ஒன்றை அம்மாச்சி செய்தாள், இன்னொன்றை முகம் தெரியாத ஒரு பையன் தள்ளுவண்டியில் செய்தான். வேறு வித்தியாசம் இருந்தால் சொல்லுங்கள்.

அதே வீட்டில் மனகோலம். பாசிப்பருப்பு மாவை முறுக்கு போலப் பிழிந்து பொரித்து உடைத்து, வறுத்த தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் கலந்து வெல்லப்பாகில் புரட்டுவது. தேன்குழலின் உடம்பு, மிட்டாயின் சட்டை. கல்யாணச் சீர்ப் பலகாரத்தில் அது இல்லாமல் இருக்காது. வெள்ளைப் பணியாரத்துக்குப் படி நிறையப் பச்சரிசி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவிப்பார்கள், அதுதான் கணக்கு. மாவில் உப்போடு ஒரு சிட்டிகை சர்க்கரையும் விழும். தொட்டுக்கொள்ள, கண்ணில் நீர் வரவழைக்கும் மிளகாய்ச் சட்னி. இதில் எதைப் பார்த்தும் யாரும் நீதி கேட்டதில்லை.

கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்பார்கள். அங்கே வட்டிக்கடை வைத்திருந்த குடும்பங்கள் கொண்டுவந்த கறுப்பு அரிசி, இன்று 'பாரம்பரியம்' என்று அச்சிட்ட டப்பாவில் விற்கிறது. செட்டிநாட்டு மசாலாவில் மணக்கும் அன்னாசிப்பூ சீனப் பக்கத்துச் சரக்கு. மிளகாய், அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. வீட்டு நிலைக்குப் பர்மா தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு. ஊரே ஒரு கலவை. ஆகவே 'பாரம்பரியத்தில் இல்லை' என்பதை ஆதாரமாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது. தள்ளுபடி.

சரி, நாக்கே வேண்டாம் என்கிறதோ? அதுவும் இல்லை. குறைந்த அளவு உப்பு கசப்பை அமுக்கி இனிப்பை மேலே தூக்கும், பாயசத்தில் ஒரு கல் உப்பு போடுகிற அத்தனை பாட்டிகளுக்கும் தெரியும். உலகமே கொண்டாடும் உப்புக் கேரமல் 1977-ல் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் ஹென்றி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் செய்தது. அங்கே வெண்ணெயிலேயே உப்பு இருக்கும். ஏன் தெரியுமா? பழைய பிரெஞ்சு அரசு விதித்த உப்பு வரியிலிருந்து பிரிட்டனிக்கு விலக்கு இருந்தது, உப்பு மலிவு. வரி ஒரு ருசியைக் கொல்லவும் முடியும், பெற்றெடுக்கவும் முடியும்.

அப்படியானால் அருவருப்பு எங்கிருந்து வருகிறது? பால் ரோசின் என்ற உளவியலாளர் 1980-களில் ஒரு சோதனை செய்தார். நல்ல சாக்லேட்டை நாய் விட்டை வடிவத்தில் செய்து நீட்டினார். சாக்லேட் என்று தெரிந்தும் பலர் வாயில் வைக்கத் தயங்கினார்கள். நாக்குக்கு இதில் வேலையே இல்லை, தயங்கியது மனசு.

எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். மனசின் அருவருப்பு தட்டோடு நிற்பதில்லை. தமிழில் இந்த ஒரே வேரிலிருந்து வரும் சொற்களைப் பாருங்கள். கலவை என்றால் பிரச்சினையில்லை, கலவை சாதம் பிரசாதம். கலப்படம் என்றால் குற்றம். நடுவில் நிற்கிறது கலப்பு. கலவை சாதத்தை ரசித்து உண்ணும் அதே வீட்டில் கலப்புத் திருமணம் என்றால் அடுப்பு அணைந்துவிடுகிறது. எது எதோடு சேரலாம், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யார் கை பட்ட தண்ணீரைக் குடிக்கலாம் என்று நூற்றாண்டுகளாகப் பழகிய சமூகம் நம்முடையது. "உவ்வே" என்பதை நம் ஊரில் யாரும் வெறும் ருசியின் குரலாக நம்பிவிட முடியாது. பகல் உணவு நேரத்தில் ஒருவர் கருவாட்டு டப்பாவைத் திறக்க, மேசையில் உள்ள மற்றவர்கள் மெல்ல எழுந்துபோவதை நான் அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். ஃபேன்டா மேகிக்குச் சுளிக்கும் அதே தசைதான் அங்கும் சுளிக்கிறது. ஆகவே "எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அதனால் தப்பு" என்கிற வாதத்தை எவ்வளவு சின்ன விஷயத்திலும் நான் ஏற்கத் தயாரில்லை. மேகியில் ஏற்றுக்கொண்டால் கருவாட்டில் மறுக்க முடியாது.

பாரம்பரியம் போச்சு, நாக்கு போச்சு, அருவருப்பு போச்சு. ஆனாலும் அந்தக் 'கூடாது' எனக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அரியக்குடி என்றதும் பலருக்குப் பணியாரம் நினைவுக்கு வராது, ராமானுஜ ஐயங்கார் வருவார். 1890-ல் பிறந்தவர். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் சீடர். 1938-ல் சங்கீத கலாநிதி. இன்று சபாக்களில் கேட்கும் கச்சேரி வரிசை அவர் பெயரில்தான் வழங்குகிறது: வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் விரிவான உருப்படி, பிறகு பல்லவி, கடைசியில் துக்கடாக்கள். முன்பு ராக ஆலாபனையும் பல்லவியுமே மேடையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அவர் அதைச் சுருக்கினார், கீர்த்தனைகளைக் கூட்டினார், கனமானதற்குப் பின்னால் லேசானதை வைத்தார், ஆண்டாளின் திருப்பாவைக்கு மெட்டமைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட ஒரு முழுச் சாப்பாடு. இன்று அந்த வரிசைதான் மரபு, டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் அதைக் கலைத்துப் பாடினால் அதற்குத்தான் முகச்சுளிப்பு.

இதிலிருந்து "இன்றைய கோமாளித்தனம்தான் நாளைய மரபு" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், பலர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான கோமாளித்தனங்கள் நாளைக்கும் கோமாளித்தனம்தான். ஐயங்கார் செய்த கலவையில் நான் கவனிப்பது வேறொன்று. மூன்று, நான்கு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை அவர் நினைவில் வைத்திருந்தார். எப்போது அவனுக்கு அலுக்கும், எப்போது பசிக்கும் என்று யோசித்துச் செய்த வரிசை அது. சீயத்திலும் அதுபோல ஒரு ஆள் இருக்கிறான். உள்ளே இருக்கும் வெல்லம் நேராக எண்ணெயில் பட்டால் கருகும், அதைக் காக்கவே மேல்மாவு. கடிக்கிறவனின் பல்லுக்கு முதலில் மொறுமொறுப்பு, பிறகு தித்திப்பு. ஃபேன்டா மேகியில் அந்த ஆள் இல்லை. அது வாய்க்காகச் செய்ததே அல்ல. கண்ணுக்காக, இன்னும் சரியாகச் சொன்னால் திரையைத் தள்ளிக்கொண்டே போகும் கட்டைவிரலை ஒரு நொடி நிறுத்துவதற்காகச் செய்தது.

ஆக, என் 'கூடாது' கலவையைப் பற்றியது அல்ல. தின்ன ஆள் இல்லாத தீனியைப் பற்றியது.

இதற்கு உடனே ஒரு எதிர்வாதம் இருக்கிறது. தள்ளுவண்டிக்காரர் பிழைக்க வேண்டாமா? சாதாரண மேகியைப் படமெடுக்க எவனும் வரமாட்டான். கண்ணுக்குச் சமைத்தால்தான் வண்டி ஓடும் என்றால், அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது சுளித்தபடியே முழு வீடியோவையும் பார்த்து நண்பனுக்கும் அனுப்புகிற கூட்டம். அந்தப் பண்டத்தின் வாடிக்கையாளர் நாம்தான். காசு தராத, ருசி பார்க்காத வாடிக்கையாளர். எனவே பழியை வண்டியில் கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

அரியக்குடியில் மாமா மகள் கல்யாணம். முதல் நாள் இரவு ரிசப்ஷனில் லைவ் கவுண்டர் வைத்தார்கள். சாக்லேட் பணியாரம், குலாப் ஜாமூன் சாட் என்று பலகை. நல்ல கூட்டம். வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், ஒரு வாய் வைத்தார்கள், தட்டை அப்படியே தொட்டியில் போட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அக்கா குனிந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். மாமா என்னிடம், "என்ன மாப்ளே, மெட்ராஸ்ல இப்ப இதான் ஃபேஷனாமே?" என்றார், கொஞ்சம் பெருமையோடு. சமையல் மாஸ்டரிடம் போய், "நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. பாக்குறதுக்குத்தான் கேட்டாக."

முப்பது வருடமாக அடுப்பில் நிற்கும் மனிதர். சமையல்காரர் தான் சமைப்பதையெல்லாம் தானே சாப்பிட வேண்டும் என்றில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் மைசூர்பாகு கிளறுகிறார், கறி சாப்பிடாதவர் பிரியாணி போடுகிறார். ஆனால் அவர்கள் மனசில் சாப்பிடுகிற யாரோ ஒருவர் இருக்கிறார். அந்த யாரோவைப் பறித்துவிட்டு மாஸ்டரை அடுப்பில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்று எனக்குத் தோன்றியது. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தாலும் அவமரியாதைதான்.

பதினொரு மணிக்கு மேல் பந்தி முடிந்து பின்கட்டில் சமையல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். மீந்துபோன வெள்ளைப் பணியாரம், ஆறிப்போய் விறைத்திருந்தது. உதவிக்கு வந்திருந்த ஒரு பையன் ரசமலாய் தீர்ந்த பாத்திரத்தில் கிடந்த பாலை அதன் மேல் ஊற்றினான். ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டான். பிறகு மிளகாய்ச் சட்னியை ஓரத்தில் துளி வைத்து மாஸ்டரிடம் நீட்டினான். பால் பணியாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஆனால் சட்னிக்கு அங்கே என்ன வேலை? மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. தின்றார். தட்டை மறுபடி நீட்டினார். எனக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது. குளிர்ந்த பால், பஞ்சாக ஊறிய மாவு, கடைசியில் தொண்டையில் ஏறும் காரம். நானும் இன்னொரு தரம் வாங்கிக்கொண்டேன்.

"அடுத்த கல்யாணத்துல இத கவுண்டர்ல வைக்கலாமே மாஸ்டர்?"

"வைக்கலாந்தான். பேரு வேணுமே தம்பி. பலகையில என்னன்னு எழுதுறது?"