இறுக்கத்துக்கு ஓர் அளவு

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறுகிறவர்களுக்கு முந்தலோடு சமதளம் முடிந்துவிடும். அதற்கு மேல் 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில், நாலாயிரம் அடிக்கும் மேலே, போடிமெட்டு. அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் கிளம்பிவிடும். சாயங்காலம் அதே ஆட்களோடு இறங்கும். அந்த எஞ்சின்களின் முன்பக்கத்தில் ஓயாமல் ஓடுவது ஒரு ரப்பர் வளையம். மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான், கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அதுதான்.

*

ஃபேன் பெல்ட் சொந்தமாக எதையும் உண்டாக்குவதில்லை. கிராங்க் புல்லியின் சுழற்சியை வாங்கி வாட்டர் பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் கொடுக்கிறது. சில வண்டிகளில் பவர் ஸ்டியரிங்குக்கும் ஏசி கம்ப்ரஸருக்கும் கூட. அது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், பின்னாலேயே வெப்பமுள் ஏறும். சமவெளியில் எதிர்காற்று ரேடியேட்டருக்குக் கொஞ்சமாவது உதவும். ஏற்றத்தில் கீழ் கியரில் எஞ்சின் அலறும், வண்டி ஊரும். காற்றின் உதவி குறைவு. போதாததற்கு, உயரம் கூடக்கூடத் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. போடிமெட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் சமாளிக்கிறோம்.

இறக்கத்தில் ஆபத்து வேறு வகை. பழைய டீசல் ஜீப்கள் பலவற்றில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் போனால் ஆல்டர்னேட்டர் நிற்கும்; அதோடு வேக்கமும் நிற்கும். சில மிதிகளுக்குள் பெடல் கட்டையாகிவிடும். பிரேக் வேலை செய்யாமல் போவதில்லை. ஆனால் பல மடங்கு பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். பேட்டரி விளக்கு எரிவதை மின்சாரக் கோளாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

*

பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது. எஞ்சின் நின்று ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். டார்ச் அடித்து, பெல்ட்டை லேசாகத் திருப்பி உட்பக்கத்தைப் பார்க்கலாம். குறுக்கே வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், எண்ணெய் ஊறி உப்பிய இடம், பக்கங்களில் பளபளப்பு. வழுக்கி வழுக்கிச் சூடேறிய ரப்பர்தான் பளபளக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் 'கிரீச்' சத்தமும் அந்த வழுக்கல்தான்.

பெரிய இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், பல வண்டிகளில் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

*

வி-பெல்ட்டின் பிடி அதன் அடியில் இல்லை, இரண்டு பக்கங்களில் இருக்கிறது. புல்லியின் பள்ளத்தில் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கி, பக்கச் சுவர்களைக் கவ்வுகிறது. பள்ளத்தின் அடித்தளம் மினுமினுத்தால் பெல்ட் தேய்ந்து உள்ளே இறங்கி அடியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும்.

பொதுவாக வி-பெல்ட்டின் கோணம் 40 டிகிரி. புல்லியின் பள்ளமோ அதைவிடக் குறுகலாக, 34 முதல் 38 டிகிரி வரை வெட்டப்பட்டிருக்கும். கணக்குத் தப்பு மாதிரித் தெரியும், தப்பில்லை. வளையும்போது பெல்ட்டின் மேற்பகுதி இழுபட்டு ஒடுங்குகிறது, உட்பகுதி நெருக்குண்டு பிதுங்குகிறது, கோணம் குறைகிறது. கடையில் தொங்கும் பெல்ட்டின் வடிவத்துக்குப் பள்ளம் வெட்டவில்லை. வளைந்து வேலை செய்யும்போது அது எடுக்கும் வடிவத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். சின்ன புல்லியில் வளைவு அதிகம், அதனால் கோணமும் இன்னும் குறைவு. எதையும் ஓய்ந்திருக்கும் நிலையில் பார்த்து அளவெடுக்கக் கூடாது என்று இதைப் பார்த்தபின் தோன்றுகிறது.

*

ரப்பரும் நூலும் சேர்ந்த வி-பெல்ட்டை 1917இல் உருவாக்கியவர் என்று அமெரிக்காவின் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸைச் சொல்வார்கள். நமக்கு அது அவ்வளவு தூரத்துப் பொருள் இல்லை. போடி ரயில் போய்ச் சேரும் மதுரையில், வைகைக் கரையோரம் கோச்சடையில், ஃபென்னர் ஆலை பல பத்தாண்டுகளாக வி-பெல்ட் செய்கிறது. மாவு மில், கிணற்று மோட்டார், ஜீப் எஞ்சின் என்று தமிழ்நாட்டில் சுழல்கிற எத்தனையோ சக்கரங்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது.

*

இன்றைய கார்களில் ஒற்றை வி-பெல்ட் குறைந்து, நீளவாக்கில் பல வரிகள் கொண்ட தட்டைப் பெல்ட் வந்துவிட்டது. ரப்பரும் மாறிவிட்டது. பழைய நியோப்ரீன் வயதானால் வெடிக்கும், பார்த்தவுடன் தெரியும். இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை. வரிகளுக்கு இடையே டயரைப்போல ஓசையில்லாமல் தேய்கிறது. வெடிப்பைத் தேடிப் பழகிய கண் அதைப் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று மூடியைச் சாத்திவிடும். பள்ளத்தின் ஆழத்தைச் சின்ன அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பொருள் மாறும்போது பார்க்கும் முறையும் மாறாவிட்டால் அனுபவமே கண்ணை மறைக்கும்.

*

பழைய வகையை மாற்றுவது எளிது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட் கையோடு வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் புது பெல்ட்டின் உள்நூல் அங்கேயே அறுபடலாம். பெல்ட் இல்லாத அந்த நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் குற்றவாளி பேரிங். பழி இத்தனை நாள் பெல்ட் மேல் விழுந்திருக்கிறது.

இறுக்கும்போதுதான் பலருக்கும் கை எல்லை மீறுகிறது. சத்தம் வரக் கூடாதே என்று முறுக்கேற்றினால் சத்தம் நிற்கும். வாட்டர் பம்பின் பேரிங்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் அந்த இழுவையைச் சுமந்து சீக்கிரம் போகும். தளர்ச்சி பெல்ட்டைத் தின்னும், அதிக இறுக்கம் அக்கம்பக்கத்தைத் தின்னும். முதலாவது கத்திச் சொல்லும், இரண்டாவது சொல்லாது. அமைதியாக ஓடுகிற வண்டி நலமாக ஓடுகிறது என்று முடிவுகட்ட முடியாது.

புது வி-பெல்ட் போட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் சில மணி நேர ஓட்டத்தில் அது பள்ளத்தில் படிந்து உட்காரும், கொஞ்சம் நீளும், வைத்த அளவு தளரும். அதனால் முதல் மலையேற்றம் முடிந்து எஞ்சின் ஆறியதும் மறுபடி ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தாக வேண்டும். ஒருநாள் சரியாக வைத்த அளவு, சுமை ஏறிய பிறகும் அதே அளவாக இருப்பதில்லை.